காரில் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம்) எப்போது மாற்ற வேண்டும்? வெறும் தண்ணீர் ஊற்றினால் போதாதா?

போதாது. ஏன் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன் நான்.

ஆறு வருடம் ஓடிய ஒரு சின்ன காரை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ரிசர்வ் டேங்கில் இருந்த தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் குறையக் குறைய போர் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறார். எனக்கும் அப்போது விவரம் தெரியாது. குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பிவிட்டேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டி, இன்ஜினை அணைத்து, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். (அந்த நேரத்தில் ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும்.)

ஊர் திரும்பியதும் மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார். வெந்நீர் அண்டாவின் அடியில் படியுமே, அதே வெள்ளை உப்பு. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வந்தது. வால்வு பாதிகூடத் திறக்கவில்லை.

"நம்ம ஊரில் பனியா கொட்டுகிறது, கூலன்ட் எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். கூலன்ட்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி இருந்தால் கொதிநிலை சுமார் 107 டிகிரிக்கு ஏறும். மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். நமக்கு அதைவிட முக்கியம், அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்து. அலுமினிய ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரிக்காமல் காப்பது அதுதான். நாளாக நாளாக அது தீர்ந்துபோகும். நிறம் பளிச்சென்று இருந்தாலும் காலக்கெடுவில் மாற்றச் சொல்வது அதனால்தான்.

பழைய வகை என்றால் 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர். லாங் லைஃப் வகை பெரும்பாலும் 5 வருடம் தாங்கும். உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே கணக்கு. பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்கு நிலையான விதி கிடையாது. வகை மாறிக் கலந்தால் கூழாகிக் குழாய் அடைத்துக்கொள்ளலாம்.

நீங்களே மாற்றுவதானால் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பழையதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் தெளிவாக வரும்வரை அலசுங்கள். அப்புறம் புதியதை மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடியே இன்ஜினை ஓடவிடுங்கள். குமிழி வருவது நிற்கும்வரை பொறுமை வேண்டும். உள்ளே காற்று தங்கினால் மறுபடியும் சூடேறும். மறுநாள் காலை, வண்டி ஆறியிருக்கும்போது அளவு பார்த்து நிரப்புங்கள். கான்சென்ட்ரேட் வாங்கினால் மட்டும் தண்ணீர் கலக்க வேண்டும், ரெடி மிக்ஸில் கூடாது. வழியில் குறைந்துவிட்டால்? வேறு கிடைக்காதபோது, இன்ஜின் ஆறியபின் குடிதண்ணீர் ஊற்றி வீடு வந்து சேரலாம், தப்பில்லை. வந்ததும் கசிவைப் பார்த்து மாற்றிவிடுங்கள்.

வடித்த கூலன்ட்டைத் தரையிலோ சாக்கடையிலோ கொட்டாதீர்கள். அது இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிடும். வடியும் பேசினைக் கேனில் ஊற்றி மூடும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. கேனை அப்படியே ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுவேன்.