வேன் வண்டியில் போய் ஜன்னல் கழுவும் தொழிலுக்கு மலிவான வெந்நீர்க் கருவியை நாமே செய்துகொள்ள முடியுமா?

கேள்வி கேட்டவர் பிரிட்டனில் சொந்த வேன் வைத்து வீட்டு ஜன்னல் கழுவுபவர். தயாராகக் கிடைக்கும் வெந்நீர்க் கருவிக்குச் சொல்லும் விலை கட்டுப்படியாகவில்லை, கையாலேயே ஒன்றைச் செய்ய முடியுமா என்கிறார்.

முடியும். நாங்கள் ஒன்றைச் செய்தோம், அதை நாங்களே கெடுத்தோம், மறுபடியும் செய்தோம். இரண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவன். லண்டன் வந்த புதிதில் ஹாரோ பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவர் யன்னல் என்பார், நான் ஜன்னல் என்பேன். கழுவியது ஒரே கண்ணாடியைத்தான். ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம்: இங்கே வீடு வீடாக நான்கு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை வெளிப்பக்க ஜன்னல்களைக் கழுவ ஆள் வருவார். ஏணி பெரும்பாலும் இல்லை. உயரத்தில் வேலை செய்வது பற்றி 2005-ல் வந்த விதிகள், தரையில் நின்றே முடிக்கக்கூடிய வேலைக்கு மேலே ஏறாதே என்கின்றன. அதனால் வேனுக்குள் தண்ணீர்த் தொட்டி, பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப், நீளமான ஹோஸ், கார்பன் ஃபைபர் கம்பு, அதன் உச்சியில் தண்ணீர் பீய்ச்சும் பிரஷ். கழுவிவிட்டுத் துடைக்காமல் போய்விடுவோம். கண்ணாடி தானாகவே காய்ந்துவிடும். கறை விழாமல் காய வேண்டுமென்றால் தண்ணீரில் உப்பே இருக்கக் கூடாது. லண்டன் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எங்கள் தெருவில் 300-ஐ ஒட்டி இருக்கும். அதை ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டு, மிச்ச உப்பையும் எடுக்க ரெசின் மணிகளில் விட்டு, மீட்டரில் 0 வந்த பிறகுதான் தொட்டிக்குள் விடுவோம்.

இந்த 0 தண்ணீர் வெந்நீராகவும் இருக்க வேண்டுமா? உண்மையைச் சொன்னால், மே முதல் செப்டம்பர் வரை தேவையில்லை. கறை விழாமல் இருப்பதற்குச் சுத்தமான தண்ணீர்தான் காரணம், சூடு இல்லை. ஆனால் ஒரு வருஷமாகத் தொடாத ஜன்னல், சமையலறைப் புகைபோக்கிக்குக் கீழே எண்ணெய் படிந்த சட்டம், காய்ந்து ஒட்டிய பறவை எச்சம் இவற்றில் வெந்நீர் பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். அப்புறம் ஜனவரி காலையில் ஹோஸைப் பிடிக்கும் விரல்கள். அதை அனுபவித்தவர்களிடம் விளக்கத் தேவையில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பிரஷ்ஷில் நிமிடத்துக்கு 2 லிட்டர் போகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4.2 கிலோஜூல் வேண்டும். குளிர்காலத் தொட்டித் தண்ணீர் 8 டிகிரி, அதை 44-க்குக் கொண்டுபோக 36 டிகிரி ஏற்ற வேண்டும். பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 5 கிலோவாட். இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் ஏமாற மாட்டீர்கள். ஊரில் குளியலறை கெய்சர் 2 அல்லது 3 கிலோவாட். அதுவே வீட்டு மின்சாரத்தில். வேனில் உள்ள 12 வோல்ட்டில் 5 கிலோவாட் எடுக்க 400 ஆம்பியருக்கு மேல் வேண்டும். எங்களிடம் இருந்த 110 ஆம்பியர்-மணி பேட்டரி கால் மணி நேரத்தில் படுத்துவிடும். ஆகவே '12 வோல்ட் உடனடி வெந்நீர்' என்று யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

மின்சாரமே வேண்டும் என்றால் ஒரே வழி, ராத்திரி வீட்டு பிளக்கில் செருகி, தொட்டிக்குள் ஹீட்டர் ராடு போட்டுச் சூடாக்குவது. 400 லிட்டரை 10-லிருந்து 50-க்கு ஏற்ற 18.6 யூனிட். 3 கிலோவாட் ராடில் ஆறு மணி நேரத்துக்கு மேல். வாசலிலேயே வேன் நிறுத்த இடமும் மலிவான இரவுக் கட்டணமும் உள்ளவருக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. நான் மீதி எழுதப் போவதைப் படிக்கக்கூட வேண்டாம். மூன்று எச்சரிக்கை மட்டும். தண்ணீர் குறைந்தால் ராடு தானாக அணைய வேண்டும், பிளாஸ்டிக் தொட்டி எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று கொஞ்சம் பயமுறுத்துவது: 20 முதல் 45 டிகிரி வரை தேங்கி நிற்கும் தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். நம் தண்ணீரில் குளோரினும் இல்லை, நாம் அதைத் துளித்துளியாகத் தெறிக்கவிட்டு மூச்சிழுக்கிறோம். சனி, ஞாயிறு முழுக்க வெதுவெதுப்பாகக் கிடந்த தொட்டியைத் திங்கள்கிழமை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

எங்களுக்கு அந்த வழி இல்லை. அண்ணன் இருப்பது மூன்றாம் மாடியில், வேன் நிற்பது அடுத்த தெருவில்.

கேஸில் ஓடும் கேம்பிங் ஹீட்டர் ஒன்றை நூறு பவுண்டுக்கு வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் ஒரே வார்த்தையில் மறுத்தார். அவர் சரி. அந்த வகை ஹீட்டர் பற்றிக்கொள்ளவே ஓரளவு வேகமான ஓட்டம் தேவை, நம் 2 லிட்டரில் அணைந்து அணைந்து எரியும். அது சின்ன விஷயம். பெரிய விஷயம், மூடிய வேனுக்குள் திறந்த தீயும் கார்பன் மோனாக்சைடும். மலிவு என்பதற்காக யாரும் இதைச் செய்யாதீர்கள்.

மிஞ்சியது டீசல். குளிர் நாட்டு டீசல் கார்களில், எஞ்சின் சீக்கிரம் சூடேற, கூலன்ட்டை (எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவத்தை) சூடாக்கும் சின்ன டீசல் அடுப்பு ஒன்று இருக்கும். வெபாஸ்டோ, எபர்ஸ்பேகர் என்ற இரண்டு ஜெர்மன் பெயர்கள்தான் அதிகம். லேண்ட் ரோவர் டிஸ்கவரி, ஃப்ரீலேண்டர் டீசல் வண்டிகள் சிலவற்றில் இது உண்டு. அந்த வண்டிகள் உடைக்கப் போகும்போது அடுப்பும் விலைக்கு வரும். 5 கிலோவாட், முழு வேகத்தில் மணிக்கு 0.6 லிட்டர் டீசல். நம் கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிறது. தயாராகப் பொருத்தித் தருபவர்கள் பலரும் உள்ளே வைப்பது இதே வகை ஹீட்டரைத்தான். எங்களிடம் அவர்கள் கேட்டது இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல்; நாங்கள் பழையதை வாங்கியது 160 பவுண்டுக்கு.

வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: சாதாரண ஸ்விட்ச் போட்டால் எரியுமா, இல்லை காரின் கணினி சொன்னால்தான் எரியுமா? இரண்டாவது வகை என்றால் அதைப் பேச வைக்கத் தனிப் பெட்டி வாங்க வேண்டிவரும். இணையத்தில் மலிவாகக் குவிந்திருக்கும் 'டீசல் ஹீட்டர்'களில் பெரும்பாலானவை காற்றைச் சூடாக்குபவை என்பதையும் மறக்காதீர்கள். தண்ணீருக்கானது வேறு.

இனிமேல்தான் வேலையே. நம் 0 தண்ணீரை நேராக இந்த ஹீட்டருக்குள் விடக் கூடாது. உப்பெல்லாம் எடுக்கப்பட்ட தண்ணீர் தொட்ட உலோகத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கப் பார்க்கும், ஹீட்டரின் உள்பாகமோ அலுமினியம். ஹீட்டர் கெடும், டிடிஎஸ்ஸும் ஏறும். ஆகவே ஹீட்டரில் கூலன்ட் தனியாகச் சுற்ற வேண்டும், அதன் சூடு மட்டும் நம் தண்ணீருக்கு மாற வேண்டும். பால் குண்டானைத் தண்ணீரில் வைத்து ஆற்றுவோமே, அதே சங்கதி. இங்கே குண்டானுக்குப் பதில் அடுக்கடுக்கான ஸ்டீல் தகடு. அந்தத் தகட்டுக் கட்டு இந்த நாட்டில் குழாய் வெந்நீருக்கும் வீட்டைச் சூடாக்கவும் வீட்டுக்கு வீடு தொங்கும் காம்பி பாய்லருக்குள் கைக்கு அடக்கமாக இருக்கிறது. 24 கிலோவாட்டுக்குச் செய்தது, நம் 5 அதற்குத் தூசு. தெரிந்த பிளம்பர் ஒருவர் கழற்றிப்போட்டதைச் சும்மாவே கொடுத்தார். உள்ளே சுண்ணாம்பு அடைத்திருந்தது. சிட்ரிக் அமிலத்தில் ஒரு ராத்திரி ஊறவைத்ததும் விட்டது. (புளி போட்டுப் பித்தளை தேய்த்த பரம்பரைக்கு இதெல்லாம் புதிதா?)

வரிசை இதுதான்: ஆர்.ஓ., ரெசின், தொட்டி, பம்ப், அப்புறம் தகடு, கடைசியில் ஹோஸ். ரெசினும் ஆர்.ஓ. மெம்பிரேனும் சூடு தாங்காது, அதனால் சூடேற்றுவது அவற்றுக்குப் பிறகுதான். கூலன்ட் சுற்றில் மிக உயரமான இடத்தில் சின்ன டப்பா ஒன்று வைத்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். நாங்கள் அவசரத்தில் அதைக் கொஞ்சம் தாழ்வாக வைத்தோம். முதல் நாளே காற்று அடைத்து, ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி, தன்னைத் தானே பூட்டிக்கொண்டது.

கூலன்ட் எதை ஊற்றுவது? கார்களில் வழக்கமாக உள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். ஒழுகினால் பூனை, நாய் நக்கும். வாடிக்கையாளரின் தோட்டத்தில் நிற்கிறோம், அதனால் புரோப்பிலீன் கிளைக்காலையே ஊற்றுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நாங்கள் கெடுத்த கதை இதுதான். 2022 டிசம்பரில் லண்டனில் பனி கொட்டியது நினைவிருக்கும். ஞாயிறு ராத்திரி பெய்தது. கூலன்ட் உறையாது என்று நிம்மதியாக இருந்தோம். தகட்டின் மறுபக்கத்தில் நிற்பது வெறும் தண்ணீர் என்பது இருவருக்குமே தோன்றவில்லை. அது உறைந்து, விரிந்து, தகட்டைப் பிளந்துவிட்டது. பனி விட்டபின் பம்ப்பைப் போட்டால் கூலன்ட் டப்பா பொங்கி வேன் தரையெல்லாம் இளஞ்சிவப்பு. நம் பம்ப்பின் அழுத்தம் அதிகம் என்பதால் தண்ணீர் கூலன்ட்டுக்குள் புகுந்திருக்கிறது. பம்ப் நின்ற நேரத்தில் கூலன்ட் இந்தப் பக்கம் கசிந்திருக்க வேண்டும். பிரஷ்ஷில் பிடித்துப் பார்த்தால் 0 காட்ட வேண்டிய மீட்டர் 30-ஐத் தாண்டியது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, யன்னலுக்குச் சர்பத் அடிக்கிறமோ?" என்றார்.

இப்போது தகட்டுக்குக் கீழே ஒரு வடிகுழாய் வைத்திருக்கிறோம். நவம்பர் முதல் தினமும் சாயங்காலம் திறந்துவிடுவது என் வேலை.

அடுத்தது சூட்டின் அளவு. பிரஷ்ஷை நிறுத்திப் பக்கத்து வீட்டுக்காரரோடு இரண்டு நிமிடம் பேசினால் போதும், தகட்டில் நிற்கும் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டிவிடும். மறுபடி திறந்ததும் அது ஒரு வீச்சாக வரும். உறைபனி பிடித்த கண்ணாடியில் அது பட்டால் விரிசல் விட வாய்ப்புண்டு, கையில் பட்டால் கொப்புளம். அதற்காகத் தகட்டுக்குப் பிறகு, குளிர்ந்த தண்ணீரைக் கலந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்றை 50-ல் வைத்திருக்கிறோம். 45 பவுண்டு ஆனது. இதைத் தவிர்த்துவிட்டு மலிவாகச் செய்தேன் என்று சொல்பவர்களை நான் மதிப்பதில்லை.

ஹோஸ்தான் எல்லோரும் மறக்கும் செலவு. 60 மீட்டர், உள் அகலம் 8 மில்லிமீட்டர் என்றால் அதற்குள்ளேயே 3 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதாவது வெந்நீர் பிரஷ்ஷை எட்டவே ஒன்றரை நிமிடம். வழியில் குளிர்ந்த தரையில் கிடந்து பத்து டிகிரிக்குக் கிட்ட இறங்கியும் விடும். "தண்ணியைச் சூடாக்கிறது பெரிய காரியமில்லைத் தம்பி, சூட்டைக் கம்பு முனைக்குக் கொண்டு போறதுதான் காரியம்" என்று அண்ணன் முதல் நாளே சொன்னார். எங்கள் பழைய பிவிசி ஹோஸ் சூட்டில் இளகி, இணைப்பிலிருந்து கழன்று, ஒரு அம்மாவின் ரோஜாச் செடிகளுக்கு வெந்நீர் அபிஷேகம் நடந்தது. சூடு தாங்கும் ரப்பர் ஹோஸ் தனியாக வாங்க வேண்டியதாயிற்று. நீள ஹோஸ் இருக்கிறதே என்று தூரத்தில் நிறுத்தாமல், வேனை வீட்டருகே நிறுத்திக் குறைந்த நீளத்தில் வேலை செய்வது எந்தக் கருவியையும்விடச் சூட்டைக் காப்பாற்றும்.

ஹோஸை விட்டுவிட்டு எங்கள் செலவு: ஹீட்டர் 160, வால்வு 45, குழாய் கிளிப் கூலன்ட் எல்லாம் 60, டீசல் குழாயும் புகைக்குழாயும் 40, கார்பன் மோனாக்சைடு அலாரம் 20, பிளந்த தகட்டுக்குப் பதிலாக வாங்கிய புதுத் தகடு 40. மொத்தம் 365 பவுண்டு. எங்கள் இரண்டு பேரின் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை. புகைக்குழாய் கட்டாயம் தரையைத் துளைத்து வெளியே போக வேண்டும், இணைப்புகளில் இம்மிகூடக் கசிவு கூடாது. வேன் இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தைச் சொல்லிவிடுங்கள்.

பேட்டரி பற்றி ஒரு வார்த்தை. பற்றும்போதுதான் ஹீட்டர் அதிகம் இழுக்கும்; வோல்ட் இறங்கியிருந்தால் பற்றாது. வேலை முடிந்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடக் கூடாது. ஹீட்டரின் ஸ்விட்சை மட்டும் அணைத்து, விசிறி தானாக நிற்கும்வரை சில நிமிடம் பொறுங்கள், இல்லாவிட்டால் உள்ளே கரி பிடிக்கும். டீசல் பம்ப் போடும் 'டிக் டிக்' சத்தத்துக்காகக் காலை எட்டு மணிக்கு ஒருவர் டிரெஸ்ஸிங் கவுனோடு வெளியே வந்து பார்த்தார். ரப்பர் வாஷர் வைத்துப் பொருத்தினால் சத்தம் பாதியாகும்.

2023 ஆகஸ்டில், புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கான யூலெஸ் கட்டணம் லண்டன் முழுக்க வந்ததும் அந்தப் பழைய டீசல் வேன் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு தின்ன ஆரம்பித்தது, விற்றுவிட்டோம். ஹீட்டரைக் கழற்றிப் புது வேனில் மாட்டினோம். இப்போது அதற்குத் தனியாக 10 லிட்டர் டீசல் டப்பா. வேனின் டாங்க்கில் கை வைக்கவில்லை. மின்சார வேன் வைத்திருப்பவரும் இதேபோல் செய்யலாம்.

கோடையில் ஹீட்டரைச் சும்மா போட்டுவிடாமல், மாதம் ஒருமுறை பதினைந்து நிமிடம் எரியவிடுங்கள். நாங்கள் ஒரு கோடை முழுக்க மறந்துவிட்டு நவம்பரில் ஸ்விட்சைப் போட்டோம். தெரு முழுக்க வெள்ளைப் புகை, எதிர்வீட்டுப் பாட்டி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போய்விட்டார்.