குரலுக்குப் பதினைந்தாயிரம் வெள்ளியா? அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் கணவர் மேடைப் பாடகர். சொந்தமாக மெட்டுப் போடுவார், சில பாட்டுகளுக்கு வரிகளும் எழுதியிருக்கிறார். 2025 மார்ச்சில் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் எழுதவில்லை. மகளுக்கு இப்போது 19 வயது, மகனுக்கு 11. நாங்கள் இருப்பது வாடகை வீடு. நிலம், வீடு எதுவும் அவர் பேரில் இல்லை. மாமனார் இல்லை. மாமியார் கணவரின் அண்ணன் வீட்டில் இருக்கிறார். கணவரின் யூடியூப் சேனலை அண்ணன்தான் பார்த்துக்கொண்டார். இன்றுவரை அதில் வரும் காசு அவர் கணக்குக்கே போகிறது. 2009இல் முதல் ஆல்பம் வெளியிட்ட நிறுவனம், எல்லாப் பாட்டும் தங்களுடையது என்கிறது. இப்போது ஒருவர் ஏஐ வைத்துக் கணவரின் குரலில் தைப்பூசத்துக்கு முருகன் பாடல்கள் செய்யப்போவதாகச் சொல்லி, 15,000 வெள்ளி தருகிறேன், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார். மைக்கல் ஜாக்சன் குடும்பத்துக்கு இன்னும் கோடிக்கணக்கில் வருகிறதாமே, எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?
வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

மைக்கல் ஜாக்சன் 1996 அக்டோபரில் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் பாடினார். நான் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் வாங்கக் காசில்லாமல் வெளியே நின்று காது கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். 2009 ஜூன் 25இல் அவர் இறந்தபோது பல நூறு மில்லியன் டாலர் கடன் வைத்திருந்தார். அந்தக் கடன் பின்னால் பெரும் வருமானமாக மாறியதற்கு அவர் பாடிய பாட்டுகள் மட்டும் காரணமில்லை. 1985இல் நாலே முக்கால் கோடி டாலர் கொடுத்து, பீட்டில்ஸ் பாடல்கள் உட்பட அடுத்தவர்களின் பாடல் உரிமைகளை வைத்திருந்த ஒரு நிறுவனத்தை அவர் வாங்கியிருந்தார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தில் அவர் தரப்புக்கு இருந்த பாதிப் பங்கை 2016இல் சோனிக்கு 75 கோடி டாலருக்கு விற்றார்கள். இன்னொரு விஷயம், 2002இலேயே அவர் உயில் எழுதி, நிர்வாகிகள் யார் என்று பெயர் சொல்லி வைத்திருந்தார். பாடகர் பிரின்ஸ் 2016இல் உயில் இல்லாமல் இறந்தார். அவர் சொத்துப் பிரச்சினை தீர ஆறு வருடம் ஆனது. உங்கள் வீட்டு நிலைமை இந்த இரண்டாவது கதைக்குத்தான் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்களுக்கு ஆறு வருடம் ஆக வேண்டிய அவசியமில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இன்றைய தேதிக்கு உங்கள் கணவரின் பாட்டுகள் சார்பாகக் கையெழுத்துப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. அண்ணனுக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை, மன்னிக்கவும், உங்களுக்கும் இல்லை. இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க இன்னார் என்று நியமித்து நீதிமன்றம் ஒரு நிர்வாக ஆணை கொடுக்க வேண்டும். நாங்கள் சுருக்கமாக எல்.ஏ. என்போம். அது கைக்கு வரும்வரை ஏஐ ஆளிடமும் கம்பெனியிடமும் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தைதான்: "மனு போட்டிருக்கிறோம், ஆணை வந்ததும் பேசலாம்." வாட்ஸ்அப்பில்கூட "சரி" என்று போட்டு வைக்காதீர்கள்.

பங்கு யாருக்கு எவ்வளவு? முஸ்லிம் அல்லாதவர்கள் உயில் இல்லாமல் இறந்தால் 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பகிர்வுச் சட்டம்தான் கணக்குப் போடும். மனைவி, பிள்ளைகள், தாய் மூன்று தரப்பும் இருப்பதால் உங்களுக்குக் கால் பங்கு, பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து அரைப் பங்கு, மாமியாருக்குக் கால் பங்கு. ஈமச்சடங்குச் செலவும் கடனும் போக மிச்சத்தில்தான் இந்தக் கணக்கு. அண்ணனுக்கு ஒரு சென்னும் கிடையாது. பதிவுத் துறையில் உங்கள் திருமணம் பதிவாகியிருக்கிறது என்று நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணம் என்றால் உடனே எனக்குத் தனியாக எழுதுங்கள். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த திருமணங்களில் அது பெரிய தலைவலி. நம்மவர்களில் எத்தனை பேர் இதில் மாட்டியிருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

மகனுக்கு 18 ஆகாததால் நிர்வாகியாக ஒருவர் மட்டும் இருக்க முடியாது. குறைந்தது இரண்டு பேர் வேண்டும், அல்லது அமானா ராயா போன்ற ஓர் அறங்காவல் நிறுவனம் வேண்டும். மகளுக்கு 19 என்பது நல்லதாகப் போயிற்று. நீங்களும் மகளும் சேர்ந்து லைட் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பினாங்கு உயர்நீதிமன்றத்தில் மனு போடலாம். மாமியாரின் சம்மதக் கையெழுத்து வேண்டும். வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்களும் கேட்பார்கள், அதற்கு விலக்கு கேட்டும் மனு செய்யலாம்.

இந்த இடத்தில் சட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வருகிறேன். மாமியாருக்குக் கால் பங்கு உண்டு என்பதை அவர் வக்கீல் நோட்டீஸில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீங்களே போய்ச் சொல்லுங்கள். "அத்தை, அவர் பாட்டுல வர்ற காசுல நாலுல ஒரு பங்கு உங்களுக்கு. கணக்குக் காட்டிக் குடுப்பேன்." சேனல் காசு யார் கையிலோ போய்க்கொண்டிருக்கிறது, அதில் தன் பங்கும் இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டால், பெரிய மகனிடம் நீங்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை அவரே கேட்பார். நான் பார்த்த குடும்ப வழக்குகளில் பாதி, யாரும் யாரிடமும் நேரில் போய்ச் சொல்லாததால் வந்தவை.

இனி பாட்டுக்கு வருவோம். ஒரு பாட்டு ஓடும்போது நம் காதுக்கு அது ஒன்றுதான். சட்டத்துக்கு அதில் பல சொத்துகள். மெட்டு தனி, வரிகள் தனி, ஒலிப்பதிவு தனி, பாடியவரின் உரிமை தனி. 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி மெட்டுக்கும் வரிகளுக்கும் எழுதியவரின் ஆயுளும் அதற்குப் பின் 50 வருடமும் பாதுகாப்பு. உங்கள் கணவர் 2025இல் தவறியதால் 2075 டிசம்பர் 31 வரை. அப்போது உங்கள் மகனுக்கு அறுபது தாண்டியிருக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து கணக்கு, ஆக 2009 ஆல்பத்தின் ஒலிப்பதிவு 2059 முடிவு வரை. நம் பினாங்கில் பிறந்த மலாய்ப் பாடகரும் இசையமைப்பாளருமான பி. ரம்லியை எடுத்துக்கொள்ளுங்கள். 1973 மே மாதம் காலமானார். அவர் அமைத்த மெட்டுகளுக்கான காப்புரிமைக் காலம் 2023 டிசம்பரோடு முடிந்துவிட்டது. வேறொருவர் எழுதிய வரிகளுக்கு அந்த வேறொருவரின் ஆயுளை வைத்துக் கணக்கு. அதனால் நண்பர்கள் வரி எழுதிய பாட்டுகளில், வரிகளின் காசு அவர்களுடையது என்பதையும் மறக்காதீர்கள்.

பாடியவருக்கும் பாட்டின் உரிமையாளருக்கும் உள்ள வித்தியாசம் நம்மவர்களுக்கு 2017இல் நன்றாகவே புரிந்தது. அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனதே, நினைவிருக்கிறதா? யார் பக்கம் நியாயம் என்று அன்று ஊர் முழுக்கச் சண்டை. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. உங்கள் கணவர் பாடகர், மெட்டுப் போட்டவர் என இரண்டு வேலையும் செய்தார், அதனால் உங்கள் கையில் இரண்டு வகை உரிமை இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த நிறுவனம். நீங்கள் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பிய காகிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரே பக்கம். மேலே ஆல்பத்தின் பெயர், நடுவில் கையால் எழுதிய தொகை, கீழே உங்கள் கணவரின் கையெழுத்து. முத்திரை வரி கட்டியதற்கான அடையாளம் இல்லை. "ரெக்கார்டிங் செலவு, பாடகர் சம்பளம்" என்று மட்டும் இருக்கிறது. காப்புரிமையை மாற்றிக் கொடுக்கிறேன் என்று ஒரு வரிகூட இல்லை.

இது உங்களுக்குச் சாதகம், ஆனால் முழுச் சாதகம் இல்லை. காப்புரிமையை இன்னொருவருக்கு மாற்ற எழுத்து வேண்டும், வாய்ப்பேச்சு செல்லாது. அதேசமயம், ஒலிப்பதிவைப் பொறுத்தவரை அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரைத்தான் சட்டம் படைப்பாளி என்கிறது. ஸ்டூடியோ வாடகையும் வாத்தியக்காரர்கள் சம்பளமும் கொடுத்தது கம்பெனி என்றால், 2009 ஒலிப்பதிவு அவர்களுடையதாகத்தான் இருக்கும். அதில் மல்லுக்கு நிற்காதீர்கள். மெட்டுக்கு அவர்கள் இன்னொரு வாதம் வைப்பார்கள்: "நாங்கள் காசு கொடுத்துச் செய்யச் சொன்னோம்." சொல்லிச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்குப் போகும் என்று நம் சட்டத்தில் இருக்கிறது. அதனால் நீங்கள் தேட வேண்டியது, அந்த மெட்டுகள் கம்பெனி கேட்பதற்கு முன்பே இருந்தன என்பதற்கான ஆதாரம். பழைய நோட்டுப் புத்தகம், தேதி போட்ட கேசட், 2009க்கு முன் ஏதாவது கோயில் திருவிழாவில் அதே பாட்டைப் பாடிய வீடியோ. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த ஆடும் வீடியோவாக இருந்தாலும் போதும். 2009க்குப் பிறகு அவர் சொந்தக் காசில் பதிவு செய்து வெளியிட்ட பாட்டுகளைக் கம்பெனி தொடவே முடியாது. அவற்றின் ஸ்டூடியோ ரசீதுகளைத் தனியாக எடுத்து வையுங்கள்.

எம்ஏசிபியில் அவர் உறுப்பினராக இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். வானொலி, தொலைக்காட்சி, ஹோட்டல், உணவகம் இங்கெல்லாம் பாட்டு ஒலிபரப்புவதற்கு மெட்டுப் போட்டவர், வரி எழுதியவர் சார்பாகக் கட்டணம் வசூலிக்கும் அமைப்பு அது. உறுப்பினராக இருந்திருந்தால் எல்.ஏ.யைக் காட்டி வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். காப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தானாக முன்வந்து அறிவிப்புச் செய்யும் வசதி இருக்கிறது. பின்னால் தகராறு வந்தால் அந்தப் பதிவேட்டின் நகல் முதல் ஆதாரமாக நிற்கும். கம்பெனி இப்படி வம்பு செய்யும்போது அந்தச் செலவு தண்டமில்லை.

யூடியூப் விஷயத்தில் அண்ணனை உடனே திருடன் ஆக்கிவிடாதீர்கள். தம்பி உயிரோடு இருந்தபோது சம்மதத்தோடுதான் அவர் பார்த்திருக்கிறார். ஆனால் தம்பி கொடுத்த அதிகாரம் தம்பியோடு முடிந்துவிட்டது. 2025 மார்ச்சுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு வெள்ளிக்கும் அவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அவர் செய்த வேலைக்கு நியாயமான கூலி கேட்டால் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. பாஸ்வேர்டு தர மாட்டேன் என்றால், இறந்தவர் கணக்கு பற்றி விண்ணப்பிக்கக் கூகுளிலேயே தனி வழி இருக்கிறது. பாஸ்வேர்டைத் தர மாட்டார்கள், ஆவணங்களைப் பார்த்து முடிவு செய்வார்கள். அங்கேயும் எல்.ஏ. கையில் இருந்தால் வேலை சுலபம்.

வரி பற்றிப் பயப்பட வேண்டாம். 1991 நவம்பரிலிருந்து இந்த நாட்டில் மரண வரி கிடையாது. இறந்த பிறகு வரும் ராயல்டிக்கு மட்டும் வருமான வரிக் கணக்கு நிர்வாகிகள் பெயரில் போக வேண்டும்.

கடைசியாக அந்த ஏஐ ஆள். கலிபோர்னியாவில் ஒரு பிரபலம் இறந்த பிறகு 70 வருடத்துக்கு அவர் பெயர், குரல், முகம் மூன்றையும் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. மலேசியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. குரல் மட்டும் தனியாக ஒரு சொத்து இல்லை. அதனால் சும்மா விட்டுவிட வேண்டுமா என்றால், இல்லை. குரலை ஏஐக்குப் பழக்க அவர் பாடிய ஒலிப்பதிவுகளை நகலெடுக்க வேண்டும், அதற்கு ஒலிப்பதிவின் உரிமையாளர் அனுமதி வேண்டும். அட்டையில் அவர் பெயரையும் படத்தையும் போட்டு, அவரே பாடியதுபோல் விற்றால், பேரைச் சொல்லி ஏமாற்றுவதாக வழக்குப் போட இடமுண்டு. அந்த ஆள் உங்களிடம் கையெழுத்துக் கேட்பதே அவருக்கும் இது தெரியும் என்பதற்கு அடையாளம். இல்லாவிட்டால் 15,000 வெள்ளியை யார் சும்மா கொடுப்பார்கள்?

2024 தொடக்கத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் மறைந்த இரண்டு பாடகர்களின் குரலை ஏஐ மூலம் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி அவர்களுக்குப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். அதே சமயத்தில் எஸ்.பி.பி.யின் மகன், அப்பா குரலைக் கேட்காமல் பயன்படுத்திய ஒரு தெலுங்குப் படக்காரர்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார். ஆக, குடும்பத்தைக் கேட்க வேண்டும் என்ற வழக்கம் இந்தத் தொழிலுக்குள் வந்துவிட்டது. எல்.ஏ. வந்த பிறகு பிள்ளைகளுக்கும் விருப்பம் இருந்தால் பேசுங்கள். ஆனால் அந்த ஏஐ ஆள் காட்டும் ஒப்பந்தத்தில் "எல்லா ஊடகங்களிலும், எக்காலத்துக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடியுங்கள். எத்தனை பாட்டு, எத்தனை வருடம், வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று எழுதச் சொல்லுங்கள். வெளியிடும் முன் நீங்கள் கேட்டு ஒப்புக்கொள்ள வேண்டும், ஏஐ குரல் என்று அட்டையில் போட வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. இதற்கெல்லாம் அவர் மாட்டேன் என்றால், தைப்பூசம் அடுத்த வருடமும் வரும்.

கடிதத்தின் ஓரத்தில், அவருடைய பழைய கைப்பேசியை ரீசெட் செய்து மகனுக்குக் கேம் விளையாடக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். மெட்டு மனதில் இருக்கும்வரை சட்டத்துக்கு அது சொத்து இல்லை. எழுதியோ பதிவு செய்தோ வைத்தால்தான் சொத்து. அவர் காரில் போகும்போது முணுமுணுத்து வாய்ஸ் ரெக்கார்டரில் போட்டு வைத்ததும் அதில் சேரும். கம்பெனியோ அண்ணனோ உரிமை கொண்டாட முடியாத பாட்டுகள் அந்தப் போனுக்குள்தான் இருக்கும். முதலில் அதை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை மகளிடம் கொடுத்து வையுங்கள். மகனுக்கு வேறு போன் வாங்கிக்கொள்ளலாம்.