நாலு செடிதானே

அன்புள்ள ஐயா,

ஏற்காடு கோடை விழா பற்றிய கட்டுரையில், 'மலைக்கு ஏறும் வண்டிகள் எக்ஸ்பொனென்ஷியலாகப் பெருகிவிட்டன' என்று எழுதியிருந்தீர்கள். முப்பது வருடம் பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். 'ரொம்ப வேகமாக' என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் இப்போது இந்த வார்த்தையை அள்ளி வீசுகிறார்கள். நீங்களுமா? இன்னொன்று. இன்ஜினியரிங் படிக்கும் என் பேரன், கம்ப்யூட்டரும் ஏஐயும் இப்படித்தான் வளர்கின்றன, இதற்கு முடிவே கிடையாது என்கிறான். கணக்கில் முடிவு கிடையாதுதான். நிஜத்தில்?

ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, வாழப்பாடி

அன்புள்ள டீச்சர்,

குட்டு சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஒரு கார் இன்னொரு காரைக் குட்டி போடுவதில்லை. எக்ஸ்பொனென்ஷியல், அதாவது அடுக்குக்குறி வளர்ச்சி என்றால், இருப்பதுதான் இன்னும் கொண்டுவர வேண்டும். இருப்பு எவ்வளவோ அந்த விகிதத்தில் புதுவரவு. மலைப்பாதையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே நிற்கிற வண்டிகளைப் பார்த்துப் பின்னால் வருகிறவர் அடிவாரத்திலேயே திரும்பிவிடுகிறார், அல்லது குப்பனூர் வழியாகச் சுற்றுகிறார்.

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நம் ஊர் வட்டிக்கடையே சாட்சி. நூற்றுக்குப் பத்து வட்டி, மாதத்துக்கு. ஒரு லட்சம் வாங்கினால் வருடத்துக்கு வட்டி மட்டும் 1,20,000 ரூபாய். குடும்பத்தையே சாய்க்கிற வேகம். ஆனால் வட்டியை அசலோடு சேர்க்காதவரை அது நேர்கோடுதான், மாதாமாதம் அதே பத்தாயிரம். வங்கியில் 7 சதவீதக் கூட்டு வட்டிக்குப் போட்ட லட்சமோ இரட்டிக்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். ஆமை. ஆனால் அதுதான் அசல் அடுக்குக்குறி வளர்ச்சி. இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தேன்: 65-ஆவது வருடம் வங்கிக்காரர் வட்டிக்கடைக்காரரை முந்துகிறார். கடன் வாங்கியவர் அதுவரை இருக்க மாட்டார் என்பது வேறு கதை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் கையில் ஒரே ஒரு காப்பிக்கொட்டை, ஒவ்வொரு வளைவிலும் அது இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வளைவில், காது அடைத்து, பஸ்ஸில் யாரோ ஒரு குழந்தை வாந்தி எடுக்கிற இடத்தில், உங்களிடம் இருப்பது 1,024 கொட்டை. ஏழு கொட்டைக்கு ஒரு கிராம் என்றால் 150 கிராம்கூட வராது, ஒரு டம்ளர். பாதி மலை ஏறியாகிவிட்டது, இவ்வளவுதானா என்று தோன்றும். இருபதாவது வளைவில் பத்து லட்சத்துக்கு மேல், 50 கிலோ மூட்டையாக மூன்று. அதில் சரிபாதி அந்தக் கடைசி வளைவில் மட்டும் வந்தது.

இந்த 'இவ்வளவுதானா'வை நான் நேரில் கேட்டிருக்கிறேன். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் என் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி. 2021-இல் ஒருநாள் வரப்போரமாக நடந்தபோது நாலு செடியில் குருத்து சுருண்டு, இலையெல்லாம் ஒரே கொத்தாகக் கூம்பியிருந்தது. கூம்பிய இலையைப் பிரித்தால் உள்ளே இட்லி மாவைத் தொட்டு வைத்தாற்போல வெள்ளை. விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி வழுக்கியது, அடியில் இளஞ்சிவப்பாக ஏதோ நசுங்கியது. "நாலு செடிதானே மாப்ளே, பிடுங்கிப் போட்டாப் போச்சு" என்றார். பிடுங்கவும் இல்லை. அடுத்த மாதம் போனபோது வரப்போரம் முழுக்க. அதற்கடுத்த மாதம் காடே குட்டையாக நின்றது.

தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிய மாவுப்பூச்சி அது. 1970-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளிக் காடுகளைச் சூறையாடியது. இந்தியாவில் முதலில் கண்டது 2020-இல், திருச்சூரில். நடவுக் குச்சியோடு குச்சியாக நம் பக்கம் வந்துவிட்டது. இதற்கு ஆண் தேவையில்லை. பிறப்பதெல்லாம் பெண், ஒவ்வொன்றும் சில நூறு முட்டை. தாய்க்குப் பத்தே குஞ்சு பிழைக்கிறது, மாதத்துக்கு ஒரு தலைமுறை என்று தாராளமாகக் கழித்துப் போட்டாலும், ஆறாவது மாதம் பத்து லட்சம். மாமா மருந்து அடித்தார். மெழுகுப் பூச்சில் மருந்து ஒட்டாமல் வழிந்தது. பூச்சியைத் தின்கிற நல்ல பூச்சிகள்தான் செத்தன. கிழங்கு வெளுத்த முருங்கைக்காய் தடிமனில் வந்தது. சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் எடைபோட்ட சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்க மாமா எதுவும் பேசவில்லை.

அப்புறம் வந்தது குளவி. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைக்காதீர்கள், இது எறும்பைவிடச் சின்னது. அனகைரஸ் லோபெசி என்று பெயர். 1981-இல் பராகுவேயில் இதைத் தேடிப் பிடித்து ஆப்பிரிக்காவில் விட்டார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருக்கு வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் முதலில் விட்டார்கள். குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். புழு உள்ளிருந்தே தின்று, பூச்சியைப் பழுப்புக் கூடாக்கி, குளவியாக மாறி வெளியே வரும். அதுவும் அடுக்குக்குறிப்படிதான் பெருகுகிறது. முதல் வாரங்களில் மாமா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னத்த விட்டாங்க, ஒண்ணையும் காணோம்" என்றார். அவர் பேரில் குற்றமில்லை, குளவி அப்போது மூன்றாவது வளைவில் இருந்தது.

உங்கள் பேரனுக்கு வருகிறேன். 1965-இல், பின்னாளில் இன்டெல் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கார்டன் மூர், கம்ப்யூட்டர் சிப்பில் இருக்கும் உறுப்புகள் வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கின்றன என்றார். 1975-இல் அதை இரண்டு வருடம் என்று தளர்த்திக்கொண்டார். 1971-இல் வந்த இன்டெல் 4004 சிப்பில் 2,300 டிரான்சிஸ்டர், அதாவது நுண்ணிய மின் சுவிட்ச். 2020-இல் ஆப்பிளின் எம்1 சிப்பில் 1,600 கோடி. கிட்டத்தட்ட 23 இரட்டிப்பு, அதாவது ஏற்காட்டைத் தாண்டி இன்னும் மூன்று வளைவு. பையன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் டிரான்சிஸ்டர் முட்டை இடுவதில்லை. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் முந்தையதைவிடப் பெரிய தொழிற்சாலை, அதிகப் பணம், அதிக மின்சாரம், இன்னும் நிறைய இன்ஜினியர்கள். பழைய சிப்பில்தான் புதிய சிப்பை வடிவமைக்கிறார்கள் என்ற அளவுக்கு வேண்டுமானால் அது தன்னைத்தானே வளர்க்கிறது எனலாம். மற்றபடி, அது இயற்கை விதி என்பதைவிட ஒரு தொழில் தனக்குத்தானே வைத்துக்கொண்ட இலக்கு என்றே எனக்குப் படுகிறது.

முடிவு உண்டா என்ற கேள்விக்கு 1838-லேயே பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹுல்ஸ்ட் ஒரு சமன்பாடு எழுதிவிட்டார். வளர்ச்சி இருப்பதைப் பொறுத்தது மட்டுமில்லை, மிச்சமிருக்கும் இடத்தையும் பொறுத்தது. நிமிர்ந்து எழும் கோடு மேலே போய் மெல்லப் படுத்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஆரம்பப் பகுதியில் இந்தக் கோடும் முடிவில்லாத கோடும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். எந்தக் கோட்டில் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று ஐந்தாவது வளைவில் நிற்பவருக்குத் தெரியாது. அதனால் பேரனிடம் வளர்ச்சி வேகத்தைப் பற்றி வாதாடாதீர்கள். அது எதைத் தின்று வளர்கிறது, அந்தத் தீனி எவ்வளவு மிச்சம் என்று கேளுங்கள். அவன் மின்சாரத்தில் ஆரம்பிப்பான் என்று நினைக்கிறேன்.

மாமா காட்டில் மாவுப்பூச்சி அடியோடு ஒழிந்துவிடவில்லை. அது குறைந்தால் குளவியும் பட்டினியில் குறைகிறது, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. இப்போதெல்லாம் சுருண்ட குருத்தைக் கண்டால் அவர் "எத்தனை செடி" என்று கேட்பதில்லை, "போன வாரம் எத்தனை" என்கிறார்.

கட்டுரையில் அந்த வரியை 'வண்டிகள் கூடிக்கொண்டே போகின்றன' என்று திருத்திவிட்டேன். ஆதாரம், போன மே மாதம் பதினோராவது வளைவில் ஒரு டூரிஸ்ட் பஸ்ஸுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் நின்றது.