கண்ணாடியா, குட்டி டிவியா?

கேள்வி: ஒன்பது வருடமாக நிக்கான் டி7200 டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். கூடவே ஒரு ஏஎஃப்-எஸ் ஜூம், ஒரு பழைய ஏஎஃப்-டி 50 எம்எம் லென்ஸ். பறவைகளும் வீட்டு விசேஷங்களும்தான் அதிகம் எடுப்பேன். பார்க்கிறவர்களெல்லாம் மிரர்லெஸ்ஸுக்கு மாறச் சொல்கிறார்கள். நண்பரின் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தேன். டிவி பார்க்கிற மாதிரி இருந்தது, மனசு ஒட்டவில்லை. மாறத்தான் வேண்டுமா?

பதில்: நீங்கள் பார்த்தது நிஜமாகவே ஒரு குட்டி டிவிதான். உங்கள் டி7200-இல் லென்ஸ் வழியே வரும் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, ப்ரிஸத்தில் திரும்பி, அப்படியே கண்ணுக்கு வந்து சேர்கிறது. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடி கிடையாது; படத்தைப் பதியும் சென்சார் பார்த்ததைத்தான் ஒரு சின்னத் திரையில் நீங்கள் பார்க்கிறீர்கள்.

அதில் லாபமும் உண்டு. வெளுத்த வானத்தின் முன்னால், கிளையில் ஒரு பறவை. உங்கள் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், அழகாகத் தெரியும். எடுத்துவிட்டுப் பின்திரையைப் பார்த்தால் வெறும் கருப்பு உருவம். மிரர்லெஸ்ஸில் அந்தக் கருப்பு முன்பே தெரிந்துவிடும். டயலைத் திருப்பத் திருப்ப இறகின் நிறம் எழும்பி வரும், அப்புறம் அழுத்தினால் போதும். புது மாடல்கள் பலவற்றில் ஃபோகஸ் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். வெள்ளெழுத்துக்காரர்களுக்கு இன்னொரு வசதி: எடுத்த படத்தையும் மெனுவையும் வியூஃபைண்டருக்குள்ளேயே பார்க்கலாம், மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டாம்.

உங்களுக்கு ஒட்டாமல் போனதற்கு நண்பரின் மாடலும் காரணமாக இருக்கலாம். வியூஃபைண்டர் திரைக்கு ‘23.6 லட்சம் புள்ளி’ என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். ஒரு பிக்சலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று புள்ளிகள். ஆக, கிடைப்பது 1024×768 பிக்சல்தான். 36.9 லட்சம், 57.6 லட்சம் என்று போகப்போகத் தெளிவு கூடும். திரையின் புதுப்பிப்பு வேகம் நொடிக்கு 60 முறைக்குப் பதில் 120 ஆக இருந்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். கடையில் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இருட்டு மூலையைப் பார்த்துக் கேமராவைச் சட்டென்று திருப்புங்கள். மணல் மணலாகத் தெரிகிறதா, காட்சி இழுத்துக்கொண்டு வருகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பேட்டரி விஷயத்தில் டிஎஸ்எல்ஆரே ராஜா. உங்களுடையது ஒரு சார்ஜுக்கு ஆயிரம் படத்துக்கு மேல் தாங்கும். மிரர்லெஸ் பலவற்றுக்குச் சொல்லப்படும் கணக்கு முந்நூறு, நானூறுதான். விசேஷம் என்றால் கையில் இன்னொரு பேட்டரி வேண்டும்.

சரி, லென்ஸ். நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் உடலில் லென்ஸ் மாட்டும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி 16 மி.மீ.; உங்கள் கேமராவின் பழைய எஃப் மவுண்ட்டில் 46.5 மி.மீ. அந்த வித்தியாசத்தை எஃப்டிஇசட் அடாப்டர் நிரப்பும். ஏஎஃப்-எஸ் ஜூமுக்குள்ளேயே மோட்டார் இருப்பதால் அது ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். ஏஎஃப்-டி லென்ஸை ஓட்டுவது கேமரா உடலில் உள்ள மோட்டார். எஃப்டிஇசட்டில் அது இல்லை. எனவே உங்கள் 50 எம்எம்மைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டிருந்தால் யோசிக்காமல் மிரர்லெஸ் என்றிருப்பேன். நிக்கானும் கேனானும் புது லென்ஸ்களை அதற்குத்தான் கொண்டுவருகின்றன. உங்களுக்கு என் யோசனை வேறு. பறக்கும் பறவை அடிக்கடி ஃபோகஸிலிருந்து நழுவுகிறது என்றால் மாறுங்கள். வீட்டு விசேஷத்துக்காக மட்டும் என்றால் டி7200-ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாறிய பிறகு வீட்டுக்குள் ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது வியூஃபைண்டர் கும்மிருட்டாக இருந்தால் பழுது என்று பயந்துவிடாதீர்கள். படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்று முன்பே காட்டும் எக்ஸ்போஷர் முன்னோட்டத்தை மெனுவில் அணைத்தால் காட்சி திரும்பி வந்துவிடும்.