டுரியானுக்கும் வௌவாலுக்கும் என்ன உறவு?

கேள்வி: வௌவால் இல்லாவிட்டால் டுரியான் காய்க்காது என்று கேலாங் கடைக்காரர் ஒருவர் சொன்னார். என் மருமகளோ வௌவால் என்றாலே நோய் என்று அஞ்சுகிறார். அடுக்குமாடி வீட்டில் வாழும் நமக்கு அவற்றோடு என்ன தொடர்பு?
– வாசகி, ஈசூன்

பதில்: கடைக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி. டுரியான் பூக்கள் பருத்த கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கி, மாலையில் விரிந்து, விடிவதற்குள் இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் உதிர்த்துவிடுகின்றன. தன் மகரந்தத்தாலேயே நன்றாகக் காய்க்கும் வகைகள் குறைவு என்பதால், அந்த ஓர் இரவுக்குள் வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தாக வேண்டும். அதைச் சுமந்து வருவதில் பெரும்பங்கு, குகைகளில் கூட்டமாக அடையும் தேனுண்ணும் வௌவாலுக்கு உண்டு. தைப்பூசத்துக்கு நம்மவர்கள் படியேறும் பத்துமலைக் குகைகளிலும் அது வாழ்கிறது.

டுரியானோ ஆண்டில் சில வாரங்களே பூக்கும். மற்ற நாள்களில் இந்த வௌவால் பெத்தாய் மரம், வாழை ஆகியவற்றின் பூக்களை நாடுகிறது; கடலோரச் சதுப்புநிலக் காடுகளில் இரவில் வெண்குஞ்சம்போல விரியும் பெரெபாட் மரப் பூக்களுக்காகப் பல கிலோமீட்டர் பறந்தும் செல்கிறது. ஆகவே, அது அடையும் குகைகள் உள்ள சுண்ணாம்புக் குன்றை வெடி வைத்துத் தகர்த்தாலும், கரையோரக் காட்டை அழித்து இறால் பண்ணை அமைத்தாலும், வெகு தொலைவில் உள்ள தோட்டத்தில் காய்ப்பு குறையக்கூடும். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூரில் அது முதலில் விலைப் பலகையில்தான் தெரியும்.

உங்கள் மருமகளின் அச்சமும் காரணமற்றதன்று. 1998இல் மலேசியப் பன்றிப் பண்ணைகளில் நிப்பா கிருமி பரவத் தொடங்கியது. பன்றிக் கொட்டகைகளை ஒட்டிப் பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்டவற்றைப் பன்றிகள் தின்றதால் கிருமி தொற்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மறு ஆண்டு, அங்கிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர்த் தொழிலாளர்கள் 11 பேரை அந்நோய் தாக்கியது, ஒருவர் உயிரிழந்தார். வௌவால் இரை தேடும் மரத்தடியில் பட்டி போட்டவர்களைத்தான் நான் குறை சொல்வேன். அந்தப் பழந்தின்னி வேறு, குகையில் அடையும் தேனுண்ணும் வௌவால் வேறு என்பதையும் மருமகளிடம் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வௌவால் நுழைந்துவிட்டால் விளக்கை அணைத்துச் சன்னலைத் திறந்து வைத்தால் போதும், அது தானாகவே வெளியேறிவிடும். வெறுங்கையால் மட்டும் தொட வேண்டாம். தாழ்வாரத்தில் எச்சம் கிடந்தால் கையுறை அணிந்து துடையுங்கள்.