மாடிக் குடித்தனத்துக்கு எந்த வாஷிங் மெஷின்?

கேள்வி: மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். நாங்கள் போட்டுக் கொடுத்திருந்த பழைய மெஷின் ஓய்ந்துவிட்டது. 18,000 ரூபாய்க்குள் ஒரு டாப் லோடு வாங்க நினைக்கிறோம். போர் தண்ணீர்தான், கொஞ்சம் உப்பு. தண்ணீர் டேங்க் அந்த மாடிக்கு நேர் மேலே, மொட்டை மாடித் தளத்திலேயே இருக்கிறது. எதை வாங்கலாம்? பழுதானால் செலவு யாருடையது?

பதில்: ஹீட்டர் இல்லாத, ஸ்டீல் டிரம் உள்ள, 7 கிலோ ஃபுல்லி ஆட்டோமேட்டிக் டாப் லோடு உங்களுக்குப் போதும். உங்கள் தொகைக்குள் எல்.ஜி., சாம்சங், வேர்ல்பூல், கோத்ரெஜ், ஹையர் என்று எந்தக் கடையிலும் நாலைந்து மாடல் காட்டுவார்கள். ஆனால் டேங்க் இருக்கும் இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைச் சரிபார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். மாடிப் போர்ஷன்களில் 'புது மெஷின் ஓடவில்லை' என்று வரும் புகாரில் பெரும்பகுதி தண்ணீர் அழுத்தம் பற்றியதுதான்.

கணக்கு எளிது. 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீர் தோராயமாக 1 பார் அழுத்தம் தரும். உங்கள் மாடி அறையின் உயரம் 10 அடி, மெஷினுக்கான குழாய் தரையிலிருந்து மூன்றரை அடி என்று வைத்துக்கொள்வோம். டேங்கின் அடிக்குழாய்க்கும் இந்தக் குழாய்க்கும் நடுவே தளத்தின் கனத்தையும் சேர்த்து 7 அடிதான், அதாவது சுமார் 2 மீட்டர். கிடைப்பது 0.2 பார். பெரும்பாலான மெஷின்களின் கையேட்டில் குறைந்தபட்சம் 0.3 அல்லது 0.5 பார் கேட்டிருப்பார்கள். இதே மெஷினைக் கீழ்வீட்டில் வைத்தால் 0.5 பார் கிடைத்து ஒழுங்காக ஓடும், மாடியில் திணறும்.

அழுத்தம் குறைந்தால் இரண்டு விதமாகக் கோளாறு காட்டும். தண்ணீர் நிரம்ப அரை மணி நேரம் எடுத்து, கடைசியில் மெஷின் பிழை காட்டி நின்றுவிடும், எல்.ஜி.யில் 'ஐ.இ.' என்று வரும். இது எல்லோருக்கும் தெரிந்தது. இன்னொன்று பலருக்கும் புரியாதது: மெஷினை நிறுத்திய பிறகும் உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரை உள்ளே விடும் இன்லெட் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) தண்ணீரின் அழுத்தத்தால்தான் இறுக்கமாக மூடிக்கொள்கிறது. அழுத்தம் போதாவிட்டால் முழுதாக மூடாது. வால்வு பழுது என்று சொல்லி மாற்றுவார்கள், புது வால்வும் சொட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். டேங்க் பாதி காலியாக இருக்கும் நேரத்தில், மெஷினுக்கான குழாயை முழுதாகத் திறந்து 10 லிட்டர் வாளியை வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் ஓரளவு நம்பலாம். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மெஷின் வாங்கும் முன் குழாய் வேலையைத்தான் பார்க்க வேண்டும். டேங்கை நாலைந்து அடி உயரச் செங்கல் மேடையில் ஏற்றுவது நிரந்தரத் தீர்வு. கொத்தனாரிடம் கட்டச் சொல்லும்போது மேடை கீழுள்ள சுவர் அல்லது பீமின் மேல் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், 1,000 லிட்டர் டேங்க் நிறைந்தால் ஒரு டன். டேங்கிலிருந்து மெஷினுக்கு மட்டும் தனியாக முக்கால் அங்குலக் குழாய் இறக்கினாலும் ஓட்டம் கூடும். அதுவும் முடியாவிட்டால் சின்ன பிரஷர் பம்ப். குறைந்த அழுத்தத்திலும் நிரம்பும் வால்வு உள்ள மாடல்கள் இருக்கின்றன. கடைக்காரர் வாயால் சொல்வதை விட்டு, கையேட்டில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அச்சாகியிருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். நகராட்சிக் குழாயில் மெஷினை நேரடியாக மாட்ட வேண்டாம். தண்ணீர் வரும் நேரத்துக்குத் துவைக்க யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இதில் எதற்கும் வழியில்லை என்றால் கௌரவம் பார்க்காமல் செமி ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். 9,000 முதல் 12,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். வாளியால் ஊற்றினாலும் ஓடும். எலெக்ட்ரானிக் போர்டு இல்லாததால் டைமர், பெல்ட், பிரேக் ஒயர் என்று எது போனாலும் உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். குறை என்னவென்றால் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அது சிரமம்.

அடுத்து வடிகால். டாப் லோடு மெஷின்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீரை மேலே தள்ளும் பம்ப் கிடையாது. ஒரு சின்ன மோட்டார் அடி வால்வைத் திறக்கும், தண்ணீர் தானாக இறங்கும். எனவே வடிகால் ஹோஸ் தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். மெஷினைக் குளியலறைக்கு வெளியே வைத்து, ஹோஸை நாலு அங்குல நிலைப்படி மேல் ஏற்றி உள்ளே விட்டால் அழுக்குத் தண்ணீர் முழுதாக வடியாது, ஸ்பின்னுக்கும் போகாது. ஹோஸ் முனை தேங்கிய தண்ணீரில் முங்கியிருந்தாலும் இதே கதி. உங்கள் பழைய மெஷின் எங்கே நின்றது, எப்படி வடிந்தது என்று பாருங்கள். சிங்க் உயரத்துக்கு ஏற்றித்தான் விட முடியும் என்றால் பம்ப் உள்ள மாடல் என்று கேட்டு வாங்க வேண்டும்.

இனி மெஷின். ஏன் 7 கிலோ? இந்த எடை உலர்ந்த துணிக்கானது. ஒரு ஜீன்ஸ் முக்கால் கிலோ வரும், டபுள் பெட்ஷீட் ஒரு கிலோவை ஒட்டி. நாலு பேர் வீட்டில் தினத் துணி 3, 4 கிலோ. மழைக்காலத்தில் இரண்டு நாள் துணி சேர்ந்துவிடும். 6 கிலோ வாங்கினால் அமுக்கித் திணிப்பார்கள், கிளட்ச்சும் பெல்ட்டும் சீக்கிரம் தேயும். 8 கிலோ பல மாடல்களில் உங்கள் தொகையைத் தாண்டும், தண்ணீரும் கூடுதலாகக் குடிக்கும். 7 கிலோ மெஷினே ஒரு முழுத் துவைப்புக்கு 100 லிட்டருக்கு மேல் எடுத்துக்கொள்ளும், டேங்க் சிறியதென்றால் இதையும் கணக்கில் வையுங்கள்.

ஹீட்டர் வேண்டாம் என்றதற்குக் காரணம் உங்கள் தண்ணீர். கடினத் தண்ணீர் சூடானால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு கட்டி, கம்பி சூடு தாங்காமல் போய்விடும். ஹீட்டர் இல்லாத டாப் லோடு ஒரு துவைப்புக்குக் கால் யூனிட்டுக்குள்தான் மின்சாரம் எடுக்கும். அதனால் ஒரு ஸ்டார் கூடுதலுக்காக 2,000 ரூபாய் அதிகம் கொடுப்பது வாடகை வீட்டில் வீண்.

இன்வெர்ட்டர் மோட்டாரா, சாதா மோட்டாரா? இன்வெர்ட்டர், அதாவது எலெக்ட்ரானிக் போர்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார், சத்தம் குறைவு. ஆனால் அதன் போர்டு போனால் செலவு சில ஆயிரங்கள். சாதா இண்டக்‌ஷன் மோட்டார் உள்ள மெஷினில் பெல்ட் அறுந்தால் சில நூறு ரூபாயில் வேலை முடியும். சொந்த உபயோகம் என்றால் இன்வெர்ட்டர் வாங்கலாம். வாடகைக்கு விடும் இடத்தில் சாதா மோட்டாரே நல்லது. வைஃபை, பதினாறு புரோகிராம் எல்லாம் யாரும் தொடுவதில்லை. 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' வசதி மட்டும் இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் பவுடர் சரியாகக் கரையாமல் கறுப்புத் துணியில் வெள்ளைத் தடம் விடும். கூடுதலாக ஒருமுறை அலசினால் போகும். பவுடருக்குப் பதில் லிக்விட் போட்டால் இன்னும் நல்லது.

உப்பு என்கிறீர்கள், எந்த உப்பு? குழாய் முனையிலும் வாளியிலும் வெள்ளைப் படிவு, சோப்பு நுரைக்கவில்லை என்றால் அது கடினத் தன்மை. மெஷினின் இன்லெட்டில் மாட்டும் சாஃப்ட்னர் ஃபில்டர் அதற்கு உதவும். உள்ளே உள்ள ரெசினை (கடினத் தன்மையை ஈர்க்கும் சின்ன மணிகள்) அவ்வப்போது கல்லுப்புக் கரைசலில் புதுப்பித்தால்தான் வேலை செய்யும். வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அது உவர். சீர்காழிக்குக் கிழக்கேயும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கமும் உள்ள கடலோர ஊர்களில் இதுதான். சாஃப்ட்னர் அதை எடுக்காது, பணம் போடாதீர்கள். தண்ணீர் பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் மஞ்சளாக மாறினால் இரும்பு. அந்தத் தண்ணீரில் வெள்ளைத் துணிக்கு பிளீச்சிங் போட்டால் கறை இன்னும் ஏறும், பள்ளிச் சட்டை பாழாகும்.

எந்தத் தண்ணீராக இருந்தாலும் இன்லெட் ஹோஸ் மாட்டும் இடத்தில் உள்ள சின்ன வலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, நோஸ் பிளையரால் வலையை மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். போர் மணல் அதில்தான் போய் அடையும். இந்த வேலையைக் குடித்தனக்காரருக்கு ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

எலி. டெல்டாவில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் எலித் தொல்லை கூடும். பல டாப் லோடு மெஷின்களின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். எலி உள்ளே புகுந்து ஒயரையும் வடிகாலில் உள்ள மடிப்பு ரப்பர் குழாயையும் (பெல்லோஸ்) கடித்துவிடும், இதற்கு வாரண்டி கிடையாது. அடித்தகடு உள்ள மாடலா என்று பாருங்கள். இல்லையென்றால் பொருத்த வரும் ஆளிடமே கேட்டு எலித் தகடு போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் வைத்த விலை குறைந்த ஸ்டாண்டை வாங்காதீர்கள். குளியலறைத் தரை வாட்டமாக இருக்கும். அங்கே மெஷின் சாய்ந்து நின்றால் ஸ்பின்னில் குதித்து, சமநிலை இல்லை என்பதற்கான 'யு.இ.' பிழையைக் காட்டும். நாலு அங்குலச் சமதளச் சிமெண்ட் மேடை, மேலே ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்தால் போதும்.

மின் இணைப்பில் ஒன்றே ஒன்று: எர்த். பழைய வீடுகளில் மூன்றாவது துளை பேருக்கு இருக்கும், பின்னால் ஒயர் இருக்காது. ஈரக் கையோடு தொடும் இரும்புப் பெட்டி இது. எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்ட பிறகுதான் மெஷினை ஓட்டச் சொல்லுங்கள்.

பிராண்டைத் தேர்ந்தெடுக்கும்போது விளம்பரத்தை விட சர்வீஸைப் பாருங்கள். வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்தின் இலவச எண்ணில் உங்கள் பின்கோடைச் சொல்லி, மயிலாடுதுறையிலேயே ஆள் இருக்கிறாரா, கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ வர வேண்டுமா என்று கேளுங்கள். 'மோட்டாருக்கு 10 ஆண்டு வாரண்டி' என்றால் மோட்டாருக்கு மட்டும்தான். முழு மெஷினுக்கு எத்தனை ஆண்டு என்பதுதான் உங்களுக்குத் தேவை. பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். ஒரு குடும்பம் உபயோகிப்பது வீட்டு உபயோகம். நாலு போர்ஷனுக்கும் பொதுவாக வைத்தாலோ, விடுதியில் வைத்தாலோ வணிக உபயோகம் என்று சொல்லி வாரண்டியை மறுக்க இடமிருக்கிறது.

செலவு யாருடையது என்பதை வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதிலேயே மெஷினின் மாடல், சீரியல் எண், வாங்கிய தேதியைச் சேருங்கள். நியாயமான பிரிவினை இது: தானாகப் போகும் மோட்டார், போர்டு, கிளட்ச், வால்வு உங்களுடையவை. வலை அடைப்பு, பஞ்சு ஃபில்டர், பையில் மறந்த சில்லறைக் காசு போய்ச் சிக்கியது, ஹோஸ் மிதிபட்டுக் கிழிந்தது எல்லாம் அவர்களுடையவை. எலி கடித்தால்? அடித்தகடு போடாமல் கொடுத்திருந்தால் உங்கள் தலையில்தான்.

வீடு காலியாகும்போது குழாயை மூடி, இன்லெட் ஹோஸைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்தே வையுங்கள். புதுக் குடித்தனம் வந்ததும் துணி போடாமல், டிரம்மைக் கழுவும் 'டப் கிளீன்' புரோகிராமை ஒருமுறை ஓட்டிய பிறகு உபயோகிக்கச் சொல்லுங்கள்.