உருஷி கிண்ணமும் அரிதா தட்டும்: கேள்வி பதில்

ஜப்பானிய மரக் கிண்ணத்தில் பூசுவது கர்நாடகத்துச் சென்னபட்டணம் மரப் பொம்மைக்குப் பூசும் அரக்குதானா?

இல்லை. அந்த அரக்கு பூச்சி சுரப்பது. இது உருஷி என்ற மரத்தின் பால். பத்துப் பதினைந்து வருடம் வளர்ந்த மரத்தின் பட்டையைக் கீறிக் கீறி எடுத்தாலும் ஒரு பருவத்துக்குச் சுமார் 200 மில்லிதான் கிடைக்கும். ஜப்பானில் எடுக்கும் பாலில் பெரும்பகுதி இவாத்தே மாகாணத்தின் ஜோபோஜி பக்கத்திலிருந்து வருகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, அது இறுகும் விதம். வெயிலில் வைத்தால் இறுகாது. அதற்கு ஈரம் வேண்டும். பூசிய கிண்ணத்தை, காற்றில் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும்படி மர அலமாரிக்குள் வைக்கிறார்கள். பாலிலேயே இருக்கும் லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஆக்ஸிஜனைக் கொண்டு பூச்சைக் கெட்டியாக்குகிறது. அப்புறம் புளிப்பு, உப்பு, எண்ணெய் எதற்கும் அசையாது. தொடர்ந்து படும் வெயில்தான் அதைக் கெடுக்கும்.

உருஷி பட்டால் தோல் அரிக்குமாமே? அதில் சாப்பிடலாமா?

இறுகாத பால் பட்டால் அரிக்கும், கொப்புளமும் வரும். சேராங்கொட்டை, முந்திரி, மா எல்லாம் இதே குடும்பம்தான். சேராங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முழுக்க இறுகிய பூச்சில் தாராளமாகச் சாப்பிடலாம். புதுக் கிண்ணத்தில் வாடை அடித்தால் நிழலில் காற்றாட வைத்து, வாடை போன பிறகு எடுங்கள்.

சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது, பல ஆயிரத்துக்கும் கிடைக்கிறது. ஏன்?

மலிவானது பெரும்பாலும் பிளாஸ்டிக் கிண்ணத்தின்மேல் தெளித்த யூரித்தேன் என்ற செயற்கைப் பூச்சு. அன்றாடத்துக்கு அது போதும், ஆனால் பூச்சு உரிந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இஷிகாவா மாகாணத்து வஜிமாவில் செய்வது வேறு ரகம். மரத்தைக் கடைந்து, சீக்கிரம் அடிபடும் விளிம்பிலும் அடிப்பாதத்திலும் துணி ஒட்டி, அந்த ஊர் மண்ணைச் சுட்டுப் பொடித்து உருஷியில் குழைத்து அடிப்பூச்சாகப் பூசுவார்கள். நூறுக்கும் மேற்பட்ட படிகள். தேய்ந்தால் மறுபடி பூசித் தருவார்கள். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தில் அங்கே பல பட்டறைகள் இடிந்தன, எரிந்தன. வாங்க வசதி இருப்பவர்கள் இப்போது வஜிமா கிண்ணம் ஒன்றாவது வாங்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ரசம் ஊற்றிக் குடிக்கலாமா அக்கா?

குடிக்கலாம்மா, அதற்கு ஏற்ற பாத்திரம்தான் இது. ஜப்பானில் மிசோ சூப்பைக் கிண்ணத்தோடு தூக்கி வாயில் வைத்துக் குடிப்பார்கள். பீங்கானில் கை சுடும். மரம் சூட்டைக் கைக்கு விடாது. கட்டை விரலை விளிம்பிலும் மற்ற விரல்களை அடிப்பாதத்திலும் கொடுத்துப் பிடித்துப் பாருங்கள், பாதம் அவ்வளவு உயரமாக இருப்பதன் காரணம் புரியும். கொதிக்கக் கொதிக்க மட்டும் ஊற்றாதீர்கள். மூடி ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம். கிண்ணத்தின் இரு பக்கத்தையும் லேசாக அழுத்தினால் காற்று உள்ளே போய் மூடி தானே விடும்.

மைக்ரோவேவ்? டிஷ்வாஷர்?

இரண்டும் கூடாது. ஊறப்போடவும் கூடாது. மெத்தென்ற ஸ்பாஞ்சால் கழுவித் துடைத்து வையுங்கள்.

மண், பீங்கான் பாத்திரங்களில் எதில் தொடங்குவது?

நம் சமையலுக்கென்றால் அரிதா பீங்கான். கியூஷூ தீவின் அரிதா ஊரில் 1616இல், கொரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட குயவர் யீ சாம்பியோங் தொடங்கி வைத்ததாகச் சொல்லப்படும் மரபு. இமாரி துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால் இமாரி என்றும் பெயர். மஞ்சளும் எண்ணெயும் ஊறாது. ஹாகி ஊர் மண்பாண்டம் அப்படியல்ல. இளகிய மண், மேலே மெல்லிய வெடிப்புகள். தேநீர் அவற்றில் கசிந்து வருடக்கணக்கில் நிறம் மாறும், அந்த மாற்றத்துக்காகவே வாங்குவார்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சாம்பார் வேண்டாம்.

பிசென் மண்பாண்டம் தனி அழகு. மெருகே பூசாமல் நாள்கணக்கில் விறகில் சுடுவார்கள். சில தட்டுகளில் சிவப்புக் கீற்றுகள் ஓடும். அவை தூரிகையால் வரைந்தவை அல்ல. சூளைக்குள் வைக்குமுன் சுற்றிய வைக்கோல் பட்ட இடங்கள்.

எல்லாம் ஒரே டிசைனில் செட்டாக வாங்கட்டுமா?

வேண்டாம். ஜப்பானில் சோற்றுக் கிண்ணம் இடப்பக்கம், சூப் வலப்பக்கம், பின்னால் தொடுகறிக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் சின்னத் தட்டுகள். மரமும் மண்ணும் பீங்கானும் கலந்துதான் இருக்கும். செட்டாகவே விற்றாலும் பெரும்பாலும் ஐந்தாகத்தான் வரும், ஆறு பேர் இருந்தால் ஒன்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.